சமையலறைச் சன்னலில் திருநீற்றுப்பச்சை

மளிகைக் கடையில் வாங்கிய சப்ஜா விதை ஒரு பொட்டலம் வீட்டில் மிச்சம் கிடந்தது. பலூடாவில் வழுவழுவென்று மிதக்குமே, அந்த விதைதான். அதில் ஒரு சிட்டிகையைச் சமையலறைச் சன்னல் மேடையில் இருந்த தொட்டியில் தூவினேன். அதே நாளில், அதே பொட்டலத்திலிருந்து இன்னொரு சிட்டிகையை மொட்டை மாடியில் ஒரு பழைய வாளியில் போட்டேன். நாலைந்து நாளில் இரண்டுமே முளைத்தன.

சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சையின் விதை. பெரிய அங்காடிகளில் ‘பேசில்’ என்ற பெயரில் பத்து இலையைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து விற்பதும் இதே இனம்தான். தாவரவியலில் ஓசிமம் பேசிலிக்கம். மாடத்துத் துளசிக்குப் பங்காளி. இத்தாலிக்காரர்கள் பெஸ்டோ அரைப்பது இதில் அகன்ற இலை ரகம். நம் மளிகைக் கடை விதையில் வருவது சற்றே சிறிய இலையும் காரமான வாசமும் கொண்டது.

மூன்றாவது வாரம் ஊரிலிருந்து அம்மா வந்தார். சமையலறைச் செடி ஒரு சாண் உயரம் நின்றது. “பரவாயில்லையே, நல்லாத்தான் கிளம்பியிருக்கு” என்றார். மாடிக்குப் போய்ப் பார்த்தால் வாளிச் செடி நான்கு விரல் உயரம்தான். “இது என்னடா சவலையா நிக்குது?”

அடுத்த பத்து நாளில் கணக்கு தலைகீழானது. சமையலறைச் செடி தன் பாரம் தாங்காமல் நூல் போலச் சரிந்து தொட்டி விளிம்பில் தொங்கியது. மாடிச் செடி தண்டு பருத்து, இலை நெருங்கி, தொட்டாலே மணத்தது.

வெயில்தான் செடிக்குச் சாப்பாடு என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அப்படியானால் அரைப்பட்டினியாகக் கிடந்த செடி எப்படி அதிக உயரம் வளர்ந்தது?

முளைப்பாரி சொல்லும் விடை

மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள். மண்ணும் எருவும் நிரப்பிய பானையில் நவதானியத்தை விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். திருவிழா நாளில் வெளியே வரும் முளைகள் நெடுநெடுவென்று, வெளிர் மஞ்சளாக, மென்மையாக இருக்கும். அதே தானியத்தை வயலில் விதைத்தால் அத்தனை நாளில் அந்த உயரம் வராது.

இதற்குத் தாவரவியலில் ஒரு பெயர் உண்டு. தமிழில் ‘வெளிறி நீளல்’ எனலாம். மண்ணுக்குள் புதைந்த விதையின் இடத்திலிருந்து யோசித்தால் காரணம் விளங்கும். கையில் இருப்பது தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோறு மட்டும். அது தீர்வதற்குள் வெளிச்சத்தைத் தொட்டாக வேண்டும். பச்சையம் தயாரிப்பது, இலையை விரிப்பது, தண்டைத் தடிமனாக்குவது எல்லாம் இருட்டில் வீண் செலவு. ஆகவே முளை, சேமிப்பு முழுவதையும் நீளத்தில் போடுகிறது. வெளிச்சம் எட்டியதும் நீள்வதை நிறுத்திவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்கும்.

சமையலறைத் திருநீற்றுப்பச்சை முழு இருட்டில் இல்லை. ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இலைகளிலும் தண்டிலும் நீல ஒளியை உணரும் புரதங்கள் இருக்கின்றன. நீல ஒளி குறைந்தால் ‘நீளாதே’ என்ற கட்டளையும் தளர்ந்துவிடும். அம்மா வளர்ச்சி என்று பார்த்தது, செடியின் தேடல்.

நுனியில் இருக்கும் கண்

அந்தச் செடி நீண்டதோடு நிற்காமல், சன்னலை நோக்கி வளைந்தும் இருந்தது. இதை ‘ஒளிநாட்டம்’ என்பார்கள். செடி எந்த உறுப்பால் ஒளியின் திசையை அறிகிறது என்ற கேள்வியைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் எடுத்துக்கொண்டார்கள். புல் முளைகளின் நுனிக்கு ஒளி புகாத சிறு தொப்பி மாட்டிப் பார்த்தார்கள்; முளை வளையவில்லை. நுனியைத் திறந்து விட்டு அடிப்பகுதியைக் கருமணலால் மூடினார்கள், வளைந்தது. வளைவது கீழே, பார்ப்பது மேலே. அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே போக வேண்டும் என்று 1880-இல் வெளியிட்ட நூலில் எழுதினார்கள்.

அந்தச் செய்தி ஒரு பொருள்தான் என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் 1926-இல் காட்டினார். அவர் பயன்படுத்திய கருவி நம் வீடுகளுக்குத் தெரிந்ததுதான்: நோன்புக் காலத்தில் கடல்பாசி என்று காய்ச்சி உறைய வைக்கும் அகர்-அகர். ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி அகர் வில்லையின் மேல் சிறிது நேரம் நிறுத்தினார். பிறகு நுனிகளை எடுத்துவிட்டு, வில்லையைத் துண்டாக்கி, தலை போன இன்னொரு முளையின் மேல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். இருட்டறையிலேயே முளை மறுபக்கம் வளைந்தது. ஒளியும் இல்லை, நுனியும் இல்லை. நுனியிலிருந்து அகருக்குள் ஊறிய ஏதோ ஒன்று மட்டும் வேலை செய்தது. அதற்கு ஆக்சின் என்று பெயர் வந்தது. ஒளி ஒரு பக்கமிருந்து விழும்போது ஆக்சின் நிழற்பக்கம் கூடுகிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள்கின்றன. செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது.

நான் செய்த இன்னொரு தவறும் இங்கே வெளிப்பட்டது. ஒரு சிட்டிகை சப்ஜாவில் எத்தனையோ விதைகள்; எல்லாம் ஒரே தொட்டியில். பக்கத்தில் ஆள் நெருங்குவதையும் செடி ஒளியை வைத்தே அறிகிறது. இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அதற்கு அடுத்து, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ‘தொலைச்சிவப்பு’ ஒளியை விழுங்காமல் கடத்திவிடும். ஆகவே தொலைச்சிவப்பு மிகுந்து வந்தால் பக்கத்தில் இன்னொரு இலை இருக்கிறது என்று பொருள். இதை அறியும் நிறமி பைட்டோகுரோம். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் லெட்டூஸ் கீரை விதைகளைக் கொண்டு இதன் நடத்தையைக் கண்டுபிடித்தார்கள். சிவப்பு ஒளி காட்டினால் விதை முளைத்தது. அதன்பின் தொலைச்சிவப்பு காட்டினால் முளைக்க மறுத்தது. மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும் கடைசியாகக் காட்டிய நிறம் எதுவோ அதன் பேச்சே செல்லுபடியானது. சுவிட்சைப் போல. தொட்டிக்குள் நெருங்கி முளைத்த கூட்டமோ ஒன்றை ஒன்று பார்த்துப் போட்டிக்கு நீண்டது.

வரவும் செலவும்

நீண்டால் போதுமா, சாப்பிட வேண்டாமா? ஒளிதான் செடியின் வருமானம் என்பது தெரியவந்த கதையில் திருநீற்றுப்பச்சையின் நெருங்கிய உறவினர் ஒருவர் நாயகர்: புதினா. இரண்டும் ஒரே குடும்பம். 1771-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மூடிய கலத்தில் ஒரு மெழுகுவத்தியை எரியவிட்டு, அது அணைந்த பிறகு அந்தக் காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் இன்னொரு மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைப் புதினா நல்லதாக்கிவிட்டது. ஆனால் அவரே திரும்பச் செய்தபோது எல்லா முறையும் அந்த முடிவு வரவில்லை. ஏன் என்பதை 1779-இல் யான் இங்கன்ஹவுஸ் விளக்கினார். வெளிச்சத்தில் பச்சை இலைகள் காற்றைச் சீராக்கின. இருட்டிலோ நம்மைப் போலவே காற்றைக் கெடுத்தன.

அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒளிச்சேர்க்கை பகலில் வரும் வருமானம். சுவாசம் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் வீட்டுச் செலவு. வரவும் செலவும் சமமாகும் ஒளி அளவை ‘ஈடுசெய் புள்ளி’ என்பார்கள். அதற்குக் கீழே செடி சேமிப்பைக் கரைத்து வாழ்கிறது. அதற்குச் சற்று மேலே உயிரோடு இருக்கும். நாம் பறித்துத் தின்ன உபரி இருக்காது. வீட்டுக்குள் வாங்கி வைத்த செடி ஒரு மாதம் நன்றாக இருந்து பிறகு ‘திடீரென்று’ வாடுவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். வாட்டம் திடீரென்று வரவில்லை, வைப்புநிதி தீர்ந்தது.

கண் செய்யும் ஏமாற்று

“எங்கள் சமையலறை நல்ல வெளிச்சமாயிற்றே” என்று நானும்தான் நினைத்தேன். வெளிச்சத்தை அளக்கக் கண்ணை நம்பக் கூடாது. தியேட்டருக்குள் தாமதமாக நுழைந்தால் படி தெரியாமல் தடுமாறுகிறோம். பத்து நிமிடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன கொறிக்கிறார் என்பதுவரை தெரிகிறது. தியேட்டரின் வெளிச்சம் மாறவில்லை. கண் தன்னை மாற்றிக்கொண்டது. வெட்டவெளியில் நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். இரவில் டியூப் லைட் போட்ட கூடம் 100 முதல் 300 லக்ஸ். பல நூறு மடங்கு வித்தியாசம். கண்ணுக்கு இரண்டுமே செய்தித்தாள் படிக்கப் போதுமான வெளிச்சம்.

செடிக்கு இந்தச் சமாளிப்பு கிடையாது. அது ஒளியைத் துகள் துகளாக எண்ணுகிறது. அதற்கு வேண்டிய அளவுகோல் மழைமானி போன்றது. மழை எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதைவிட நாள் முழுவதும் எத்தனை சென்டிமீட்டர் சேர்ந்தது என்பதுதானே குளத்துக்குக் கணக்கு? அதுபோல ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் வந்து விழுந்த ஒளித்துகள்களின் மொத்தத்தை ‘நாளொளி’ என்று வைத்துக்கொள்வோம். இதை மோல் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு மோல் என்றால் 6-க்குப் பின்னால் 23 சுழியம் போட்ட அத்தனை துகள்கள்.

நல்ல வெயில் நாளில் நம் மொட்டை மாடியில் சேர்வது 40 மோலை ஒட்டி இருக்கும். திருநீற்றுப்பச்சை புதராகக் கிளைத்து இலை தர 12 மோலாவது வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரம் நேர்வெயில் விழும் சன்னல் விளிம்பில் 5 முதல் 10 வரை கிடைக்கலாம். நேர்வெயில் விழாத அறையில், சன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, ஒரு மோல் தேறினால் அதிகம். சன்னல் மேடையில் இருந்தும் என் தொட்டியின் நிலை கிட்டத்தட்ட அதுதான்: மேலே சன்ஷேடு, முன்னால் கொசுவலை, எதிரே அடுத்த குடியிருப்பின் சுவர்.

கருவி இல்லாமல் அறிய இரண்டு வழி உண்டு. ஒன்று, தொட்டி இருக்கும் இடத்தில் உங்கள் தலையை வைத்து வெளியே பாருங்கள். அங்கிருந்து எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவுதான் செடியின் வரவு. இன்னொன்று, ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். ஐந்து விரலும் கூர்மையாக நிழல் விழுந்தால் நல்ல இடம். கை இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தால் செடி பிழைத்துக் கிடக்கும். நிழலே இல்லையென்றால் அங்கே பிளாஸ்டிக் செடி வைக்கலாம்.

எந்தச் சன்னல்?

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்கள் தெற்குப் பார்த்த சன்னலைச் சொல்லும். லண்டன்காரருக்கு அது சரி. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான். சென்னை இருப்பதோ 13 பாகை வட அகலாங்கில். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்குச் சன்னலுக்குள் வெயிலே எட்டிப் பார்க்காது. மார்கழியில் நிலைமை தலைகீழ். சூரியன் தெற்கே சரிந்து, சன்ஷேடுக்குக் கீழே புகுந்து, தெற்கு அறைக்குள் தாராளமாக விழும். கிழக்குச் சன்னல்தான் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு கோணத்தில் காலை வெயில் தரும். ஆகவே நம் ஊரில் தொட்டிக்கு நிரந்தர முகவரி கிடையாது. கிழக்கே வையுங்கள்; கிழக்கு இல்லாதவர்கள் பருவம் பார்த்து இடம் மாற்றுங்கள்.

நம் சன்னல்களில் ஒரு வசதியும் உண்டு. பெரும்பாலும் கதவைத் திறந்துதான் வைத்திருப்போம். கம்பி வழியே வெயில் நேராக வரும். திருநீற்றுப்பச்சை இலையின் வாசனை எண்ணெய், இலைப் பரப்பில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் சேர்கிறது. அந்தச் சுரப்பிகள் ஒழுங்காக நிரம்பப் புறஊதா ஒளியின் ஒரு பகுதி உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாதாரணக் கண்ணாடி அந்தப் பகுதியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும்.

விளக்கு வைத்தால்?

வெயிலே வராத வீட்டில் விளக்கு வைக்கலாம். ஆனால் தூரம் முக்கியம். ஒரு கரண்டி தோசை மாவை இரு மடங்கு அகலத்துக்கு இழுத்தால் பரப்பு நான்கு மடங்காகும், தோசை நான்கில் ஒரு பங்காக மெலியும். பல்பின் ஒளியும் அப்படியே பரவி மெலிகிறது. இரண்டு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு விளக்கை இறக்கினால் ஒளி 16 மடங்கு. கூரையில் மாட்டிய டியூப் லைட் செடிக்கு நிலாவெளிச்சம் மாதிரி. அதே 20 வாட் எல்இடி டியூப் இரண்டைச் செடியின் உச்சிக்கு ஒரு சாண் மேலே கட்டி, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டால் ஏறத்தாழ 6 மோல் சேரும். சன்னல் தருவதோடு சேர்த்தால் சட்னிக்கு இலை கிடைக்கும். மின்சாரம் நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்.

ஊதா நிற ‘செடி விளக்கு’தான் வேண்டுமா? அந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1882-இல் ஜெர்மானியரான தியோடர் எங்கல்மன், ஒரு பாசி இழையின் மேல் வானவில் நிறங்களை நுண்ணோக்கிக்கு அடியில் விழச் செய்தார். பக்கத்தில் ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களை விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் மொய்த்தன. அங்கேதான் ஒளிச்சேர்க்கை மும்முரம். இதிலிருந்து பச்சை ஒளி செடிக்குப் பயனற்றது என்று பலர் முடிவு கட்டினார்கள். 1970-களின் தொடக்கத்தில் கீத் மெக்ரீ 22 வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறத்திலும் அளந்தார். பச்சையும் கணிசமாகப் பயன்படுகிறது என்று தெரிந்தது. சாதாரண வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல விளக்கு. மேலே பூசிய பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. செடிக்கு அதுவே போதும்.

கிள்ளினால் இரட்டிக்கும்

வெளிச்சம் சரியான பிறகு கை வைக்கலாம். திருநீற்றுப்பச்சையில் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே வரும். ஒவ்வொரு இலைக் காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். நுனி இருக்கும்வரை அவற்றுக்கு எழுந்திருக்க உத்தரவில்லை. இதுதான் ‘நுனி ஆதிக்கம்’. 1930-களில் கென்னத் திமன், போக் ஸ்கூக் இருவரும் அவரைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சின் தோய்ந்த அகர் வைத்தார்கள். நுனி இல்லாவிட்டாலும் பக்க மொட்டுகள் அடங்கியே கிடந்தன. கதை அங்கே முடியவில்லை. 2014-இல் ஆஸ்திரேலியாவில் பட்டாணிச் செடியை ஆராய்ந்தவர்கள், வெட்டியதும் முதலில் மொட்டைத் தட்டி எழுப்புவது சர்க்கரை என்று காட்டினார்கள். நுனி விழுங்கிக்கொண்டிருந்த சர்க்கரை மொட்டுக்குத் திரும்பிவிடுகிறது. வீட்டில் மூத்தவன் சாப்பிட்ட பங்கு தம்பிகளுக்கு வந்த மாதிரி.

ஆகவே இலையை ஒவ்வொன்றாக உருவாமல், மூன்றாவது இலைச் சோடிக்குச் சற்று மேலே தண்டோடு கிள்ள வேண்டும். ஒரு நுனி போய் இரண்டு வரும். அடுத்த முறை நான்கு. பூங்கொத்து தலைகாட்டினாலும் கிள்ளிவிடுங்கள், பூக்கத் தொடங்கிய தண்டு புது இலை விடாது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வேரும் மூச்சு விடுகிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எப்போதும் சொதசொதவென்று இருக்கும் தொட்டியில் வேர் மூச்சுமுட்டி அழுகும். நாமோ வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்த பிறகு ஊற்றுங்கள். பறித்ததைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். இது வெப்ப நாட்டுச் செடி. 10 பாகைக்குக் கீழே செல் சவ்வுகள் சேதமாகி இலை கறுத்துவிடும். டம்ளர் தண்ணீரில் தண்டோடு நிறுத்தி மேடையில் வைத்தால் போதும். ஒரு வாரம், பத்து நாளில் அடியில் வெள்ளை வேர்கூட விடும்.

இரண்டாம் முறை தொட்டிக்கு ஐந்தே விதை போட்டு, கிழக்குச் சன்னல் கம்பிக்கு வெளியே வைத்தேன். டம்ளரில் வேர்விட்ட தண்டு ஒன்றை அம்மா ஈரத் தாளில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோய் வாசலில் நட்டார். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் குறைபட்டார்:

“நீ குடுத்தது வளரவே இல்லடா. குட்டையாவே நிக்குது.”

“இலை எப்படிம்மா இருக்கு?”

“இலைக்கு என்ன, கொள்ளாம கெடக்கு. கடந்து போனாலே வாசல் மணக்குது. உசரந்தான் இல்ல.”